உஷார்! "டிரைவரை அனுப்புறேன்" என்றால் நாயைக் கொடுக்காதீர்கள்

எட்டு, பத்து வயதான சின்ன நாய் ஒன்று இப்போது உங்கள் வீட்டில் தற்காலிகமாக இருக்கிறதா? மழைக்கு ஒதுங்கி வந்ததாக இருக்கலாம். அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டிய பக்கத்து ஃபிளாட்காரர் விட்டுப்போனதாக இருக்கலாம். வளர்த்த பாட்டி காலமாகி, பிள்ளைகள் வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட, போக்கிடம் இல்லாமல் நிற்பதாகவும் இருக்கலாம். மயிலாப்பூர், அடையாறு பக்கம் இந்த மூன்றாவது ரகத்துக்குக் குறைவே இல்லை. "நல்ல வீடு தேவை, அவசரம், இலவசம்" என்று படத்தோடு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருந்தால், முதலில் அதை நீக்கிவிட்டு மேலே படியுங்கள்.

"இந்த வயசு நாயை யார் எடுப்பாங்க?" என்பதுதான் எல்லோருடைய கவலையும். வீண் கவலை. புசுபுசுவென்று வெள்ளையாக ஒரு பொமரேனியனோ, கண்ணை மறைக்கும் முடியோடு ஒரு ஷிட்சுவோ படத்தில் இருந்தால், பொழுது சாய்வதற்குள் போன் வந்துவிடும். அந்த முதல் போன்தான் ஆபத்து. பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"சார், அந்த டாக் இன்னும் இருக்கா?"

"இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

"நம்ம வீடு பெருசு சார், கார்டன்லாம் இருக்கு. ஆணா, பொண்ணா?"

"பொண்ணு. ஒம்பது வயசு இருக்கும்."

"வயசு பரவால்ல சார். ஆபரேஷன் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு."

டொக்.

நாய் என்ன சாப்பிடும், கடிக்குமா, ராத்திரி எங்கே படுக்கும் என்று ஒரு கேள்வி இல்லை. கருப்பை இருக்கிறதா என்பது மட்டும்தான் வேண்டும். இவர்கள் குட்டி போட்டு விற்கிற ஆசாமிகள். ஒன்பது வயதிலும் இன்னும் ஒரு ஈற்று கிடைக்காதா என்று பார்ப்பார்கள். கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் அதே நாய் வேறு ஏதோ ஒரு பாலத்தடியில் நிற்கும். 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே ஓடியது நினைவிருக்கும். அதைப் பார்த்து ஊரெல்லாம் பக் கேட்டது, ஊரெல்லாம் குட்டி போட வைத்தார்கள், ஆசை தீர்ந்ததும் தெருவில் விட்டார்கள். இப்போது ஷிட்சு காலம். ஆட்கள் மாறவில்லை.

ஆகவே பெண் நாயாக இருந்தால் கருத்தடை செய்யாமல் கைமாற்றாதீர்கள். வயதான நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் அவசியம். டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் அப்படிப்பட்ட நாயை நன்றாகத் தெரிந்த குடும்பத்துக்கு மட்டும் கொடுங்கள். கருத்தடை ஆகாத நடுவயது தாண்டிய பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் வைக்கும் நோய் சகஜம். பீரியட் முடிந்து சில வாரத்தில் திடீரென்று மொண்டு மொண்டு தண்ணீர் குடிக்கும், சாப்பாட்டைத் தொடாது. அதை வெயில் என்று நினைத்து இரண்டு நாள் விட்டால் நாய் மிஞ்சாது.

இன்னொரு வகை போன் இதைவிட மரியாதையாக இருக்கும். ஆங்கிலம் பிரமாதமாக வரும், குரலில் கனிவு சொட்டும். "நான் மீட்டிங்கில் இருக்கேன், டிரைவரை அனுப்பறேன், கொடுத்து விட்டுடுங்க" என்பார்கள். கொடுக்காதீர்கள்! பார்சல் வண்டியில் அனுப்பச் சொன்னாலும் கொடுக்காதீர்கள். பத்து வருடம் ஒரு மடியில் வளர்ந்த பிராணியை வந்து பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர், அது ராத்திரி மூன்று மணிக்கு வாந்தி எடுத்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவாரா? அனுப்பியது யார், வண்டி எங்கே போனது என்பதே பல பேருக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

நாய் தேடுகிறவர்களும் உஷார். "வயசான ஷிட்சு, ஃப்ரீ அடாப்ஷன், வண்டி வாடகை மட்டும் ஜிபேயில் அனுப்புங்க" என்று வந்தால் பணம் போகும், நாய் வராது. நேரில் பார்க்காத நாய்க்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. கையில் இருப்பது உண்மையிலேயே கேட்பாரற்ற நாய்தானா? தீபாவளி வெடிக்கு மிரண்டு ஆழ்வார்பேட்டையில் கேட்டைத் தாண்டிய கிழ நாய், பாதிக் கண்ணும் கால்வாசிக் காதுமாக மந்தைவெளி வரை வந்துவிடும். நீங்கள் இரக்கப்பட்டு அதை அம்பத்தூருக்குத் தத்துக் கொடுக்கிற நேரத்தில், இங்கே ஒரு குடும்பம் மின்கம்பம் மின்கம்பமாக நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே டாக்டரிடம் கொண்டுபோய் முதலில் மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அரிசி அளவுதான் இருக்கும், தோள்பட்டை நடுவே தோலுக்கு அடியில். வளர்ப்பு நாய்க்கு உரிமமும் சிப்பும் கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2025 கடைசியில் கெடுபிடி செய்தபோது, தி.நகர் கண்ணம்மாபேட்டையிலும் ராயப்பேட்டை லாயிட்ஸ் காலனியிலும் உள்ள மாநகராட்சி செல்லப்பிராணி மருத்துவமனைகளில் கூட்டம் அலைமோதியது. அதனால் சிப் இருக்கிற நாய்கள் இப்போது நிறைய. சிப் இருந்தும் உரிமையாளர் மனமுவந்து விட்டுக்கொடுத்தார் என்றால், அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, உரிமத்தைப் புதிய வீட்டார் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். நாளை நாய் யாரையாவது கடித்தால் பழைய பெயரில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

டாக்டரிடம் போன கையோடு வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன ஜாதி நாய்களின் பெரிய பிரச்சினை அங்கேதான். உதட்டை லேசாகத் தூக்கினால் கடைவாயில் பழுப்பாகக் காரை கட்டியிருக்கும், ஈறு சிவந்திருக்கும், தொட்டால் இரண்டு பல் ஆடும். வாடை ஆளைத் தள்ளும். இப்படிப்பட்ட நாய் சாப்பாட்டுத் தட்டருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்து "பழைய வீட்டை நினைச்சு ஏங்குது பாவம்" என்பார்கள். ஏக்கம் இல்லை, பல்வலி. ராத்திரியில் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் இருமினால் இதய வால்வு கோளாறாக இருக்கலாம், இதுவும் சின்ன நாய்களிடம் அதிகம். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் வருடம் முழுக்க உண்டு. மயிலாப்பூர் பொமரேனியன் என்றால் தயிர்சாதத்திலேயே ஆயுளை ஓட்டியிருக்கும். அதைக் கேலி செய்ய மாட்டேன், ஆனால் பாயசத்துத் திராட்சையையும் கூடவே ஊட்டுகிற பாசக்கார வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். திராட்சை, உலர்ந்ததோ பச்சையோ, நாயின் சிறுநீரகத்தை நாசம் செய்துவிடும்.

கண்டுபிடித்ததை எல்லாம் எடுக்க வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்துச் செலவு மாதம் எவ்வளவு ஆகும், வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகுமா, யாரையாவது கடித்திருக்கிறதா, வெறிநோய் ஊசி எந்தத் தேதியில் போட்டது, ஒன்றையும் மறைக்கக் கூடாது. "சொன்னால் எடுக்க மாட்டாங்களே" என்று விழுங்கினால் மூன்றாவது வாரம் நாய் திரும்பி வரும். உங்களிடமே வந்தால் அதிர்ஷ்டம்.

ஏதாவது காப்பகத்து வாசலில் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு பிறந்த கதை தி.நகர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். 1959இல் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை கேப்டன் சுந்தரம் என்ற விமானி காப்பாற்றியதுதான் ஆரம்பம். அவர் அவற்றை எங்கேயும் விட்டுவிட்டு வரவில்லை, தன் வீட்டுக்குத்தான் கொண்டுபோனார். இன்று அடிபட்டதும் நோய்ப்பட்டதுமாக எத்தனையோ நாய்கள் குவிகிற காப்பகத்தில், மெத்தையில் படுத்துப் பழகிய கிழப் பொமரேனியன் அந்தக் குரைப்புச் சத்தத்திலேயே ஒடுங்கிப்போகும், தொற்று வேறு. ஊருக்கு வெளியே "ஆயுசுக்கும் பார்த்துக்கறோம், மொத்தமா ஒரு தொகை கொடுங்க" என்கிற இடங்களுக்கு, போய்க் கண்ணால் பார்க்காமல் அனுப்பவே கூடாது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறீர்களா? அடையாறு கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபாவில் விடாமல் குரல் கொடுத்ததால் வந்தது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம். பட்டினியில் வாடும்படி பிராணியைக் கைவிடுவது அதன்படி குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்! ஒரு டிகிரி காபிக் காசு. தத்தெடுத்தவர் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டெல்லி தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொன்னது. சரி, பாண்டி பஜாரில் யார் போய்ப் பார்ப்பது? கொடுக்கிறவர்தான் பார்க்க வேண்டும்.

எனவே கொடுப்பதற்கு முன் அந்த வீட்டுக்குப் போங்கள். "தனி வீடு, பெரிய கார்டன்" என்றதும் மயங்கிவிடாதீர்கள். பல கார்டன்களில் நாய்க்கு ஒதுக்கிய இடம் மோட்டார் ரூம் பக்கத்தில் இரண்டடி செயின்தான். தி.நகர் வீடு என்றால் கேட்டைப் பாருங்கள். கீழே அரை அடி இடைவெளி இருந்தால் ஐந்து கிலோ நாய் உஸ்மான் ரோட்டில் நிற்க இரண்டு நிமிடம் போதும். மாட வீதி வீடு என்றால் பங்குனியில் அறுபத்து மூவர் வரும்போது நாயை எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். பெசன்ட் நகர் என்றால் பீச் ஓரத்துத் தெருநாய்க் கூட்டம் நடுவே இதைச் செயினில் நடத்திப் போவார்களா, தூக்கிப் போவார்களா என்று பாருங்கள். வாடகை வீடு என்றால் ஓனரின் சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள். அசோசியேஷன் நாயே கூடாது என்று தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015லேயே சொல்லிவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தம் வேறு சமாசாரம்.

"பையனுக்கு பர்த்டே கிஃப்ட்" என்பவர்களுக்கு என் பதில் எப்போதும் இல்லைதான். மூட்டுவலியோடு இருக்கிற நாயை நாலு வயதுக் குழந்தை கட்டிப் பிடித்தால் அது கடிக்கத்தான் செய்யும். அதற்கு அப்புறம் குற்றவாளி நாய்தான்.

பின்னே யாருக்குத்தான் கொடுப்பது? அறுபதைத் தாண்டிய, பகலில் வீட்டோடு இருக்கிற, தரைத்தளத்து மாமா மாமிக்குக் கொடுங்கள். "எங்களுக்கே வயசாச்சு" என்று அவர்களே பின்வாங்குவார்கள், நாய்க்கு வீடு தேடுகிற நம் ஆட்களும் வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிழ நாய்க்கு ஓட்டம் வேண்டாம், பக்கத்தில் ஆள் வேண்டும். ஒரே நிபந்தனை: அவர்களால் முடியாமல் போனால் யார் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு பெயரும் போன் நம்பரும். அந்த ஆளிடம் நீங்களே பேசிவிடுங்கள்.

கொடுக்கும்போது முகவரிச் சான்று நகலோடு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "வைத்துக்கொள்ள முடியாவிட்டால் இன்னாரிடமே திருப்பிக் கொடுப்பேன், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்ற வரி அதில் கட்டாயம். மூன்று வாரம் சோதனையாக வைத்துக்கொள்ளட்டும். தீபாவளி வாரத்திலும் புயல் எச்சரிக்கை நாளிலும் கைமாற்றவே வேண்டாம். புது வீட்டில் வாசல் எது என்றுகூட அதற்குத் தெரியாது. கழுத்துப் பட்டையில் உங்கள் நம்பரையும் அவர்கள் நம்பரையும் மார்க்கரில் எழுதி, பழைய போர்வையைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள்.

முதல் மூன்று நாள் போனை சைலண்டில் போடாதீர்கள். பிய்த்துக்கொண்டு ஓடும் நாய் பெரும்பாலும் அந்த மூன்று நாளில்தான் ஓடும். அவர்கள் கூப்பிட்டால் திட்டாமல் உடனே கிளம்பிப் போங்கள். பழகிய குரல் என்று அதற்கு அந்தத் தெருவில் தெரிந்தது உங்களுடையது மட்டும்தான்.