இடம் தர மறுத்த நாற்காலி

ஒரு மனிதர், கையில் ஒரு புத்தகம், எதிரே ஒரு மர நாற்காலி. பின்னால் வெறும் கறுப்புத் திரை. அவர் உட்காரப் போகிறார், நாற்காலி விலகிக்கொள்கிறது. மீண்டும் உட்காரப் போகிறார், மீண்டும் விலகுகிறது. சுமார் பத்து நிமிடம் ஓடும் இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு வசனம்கூட இல்லை. ஆனால், நான் வகுப்பில் காட்டிய படங்களிலேயே மாணவர்களை அதிகம் பேச வைத்தது இதுதான். அது என்ன படம், எப்படி எடுக்கப்பட்டது, அதைக் கொண்டு வகுப்பறையில் என்ன செய்யலாம் என்பதை ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பத்து நிமிடக் கதை

படத்தின் பெயர் 'எ சேயரி டேல்'. தேவதைக் கதையை ஆங்கிலத்தில் 'ஃபேயரி டேல்' என்பார்கள். அதில் முதல் எழுத்தை மாற்றி நாற்காலிக் கதை ஆக்கிவிட்டார்கள். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1957இல் வெளியிட்ட இப்படத்தை நார்மன் மெக்லாரனும் குளோத் ஜூத்ராவும் இயக்கினார்கள். படத்தில் வரும் மனிதர் ஜூத்ரா.

முதலில் அவர் நாற்காலியை ஏமாற்றி உட்காரப் பார்க்கிறார். பிறகு துரத்துகிறார், மல்லுக்கட்டுகிறார். பலிக்கவில்லை. கெஞ்சுகிறார், தாஜா செய்கிறார். அதுவும் பலிக்கவில்லை. கடைசியில்தான் அவருக்குப் புரிகிறது: நாற்காலிக்கும் ஒரு விருப்பம் இருக்கிறது, ஒருமுறையாவது தானும் உட்கார வேண்டும் என்று. அவர் தன்மீது உட்கார அதற்கு இடம் கொடுக்கிறார். அதன் பிறகு நாற்காலியும் அவருக்கு இடம் தருகிறது.

படம் கனடா நாட்டுடையது. இசையோ நம் நாட்டுடையது. சிதார் வாசித்தவர் ரவிசங்கர். தபலா வாசித்தவர் சதுர் லால். வசனம் இல்லாத குறையே தெரியாமல் கோபத்தையும் கெஞ்சலையும் சமாதானத்தையும் அந்த இரு கருவிகளும் பேசிவிடுகின்றன.

நாற்காலி எப்படி நகர்ந்தது?

மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். விடை இரண்டு பகுதி கொண்டது.

ஒன்று, நம் பொம்மலாட்டக் கலைஞர்களுக்குத் தெரிந்த வித்தை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கயிறுகளை நாற்காலியில் கட்டி இழுத்தார்கள். இழுத்து ஆட்டியவர் மெக்லாரனின் நெடுநாள் சக கலைஞர் எவலின் லாம்பார்ட்.

இன்னொன்று, 'பிக்ஸிலேஷன்' என்னும் முறை. திரைப்படம் என்பது விநாடிக்கு 24 நிலைப்படங்கள் ஓடுவதுதான். ஒவ்வொரு நிலைப்படத்தையும் சட்டகம் என்கிறோம். பொம்மையைச் சிறிது நகர்த்தி ஒரு சட்டகம், மேலும் சிறிது நகர்த்தி இன்னொரு சட்டகம் என எடுத்துத் தொடர்ச்சியாக ஓட்டினால் பொம்மை தானே நடப்பதுபோல் தோன்றும். பொம்மைக்குப் பதிலாக உயிருள்ள மனிதரையே இப்படி எடுப்பதுதான் பிக்ஸிலேஷன். ஒருவரைக் குதிக்கச் சொல்லி, அவர் அந்தரத்தில் இருக்கும் கணத்தை மட்டும் ஒரு சட்டகமாக எடுக்கிறோம். ஓர் அடி தள்ளிக் குதிக்கச் சொல்லி மறுபடியும் எடுக்கிறோம். இப்படியே எடுத்துச் சேர்த்தால் அவர் தரையைத் தொடாமல் மிதந்து செல்வார்.

கேமராவே இல்லாமல் ஒரு படம்

மெக்லாரன் 1914இல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரில் பிறந்தவர். கிளாஸ்கோ கலைப் பள்ளியில் படித்தபோது படம் எடுக்க ஆசை இருந்தது. கையில் கேமரா இல்லை. ஓடித் தேய்ந்த பழைய படச்சுருள் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் மேல் பூச்சைக் கழுவி எடுத்துவிட்டு, வெற்றுச் சுருளின்மீது வண்ண மையால் நேரடியாக வரைந்தார்.

1940இல் நியூயார்க்கில் இருந்தபோது ஒருபடி மேலே போனார். அக்காலப் படச்சுருளின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒரு குறுகிய பட்டை இருக்கும். அதன் வழியே செல்லும் ஒளியின் ஏற்ற இறக்கமே ஒலியாக மாறும். அந்தப் பட்டையிலும் பேனாவால் கோடுகளை வரைந்து ஒலியை உண்டாக்கினார். 'டாட்ஸ்' என்னும் படத்தில் காண்பதும் கேட்பதும் கையால் வரைந்தவையே. இயற்பியல் ஆசிரியர்கள் ஒலி, ஒளிப் பாடங்களில் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

1941இல் கனடா சென்று தேசியத் திரைப்பட வாரியத்தில் சேர்ந்தார். யுனெஸ்கோ சார்பில் சீனாவிலும் இந்தியாவிலும் அசைவூட்டப் பயிற்சி அளித்தவர் என்பதும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. சீனாவில் இருந்தபோது அங்கு நடந்த புரட்சியைக் கண்டார். திரும்பி வந்த வேளையில் கொரியப் போர் மூண்டது. அந்த மனநிலையில் எடுத்த படம்தான் 'நெய்பர்ஸ்' (1952). இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள் எல்லையில் பூத்த ஒரு பூவுக்காகச் சண்டையிட்டு, இரு குடும்பங்களையும் அழித்துத் தாங்களும் அழிகிறார்கள். எட்டு நிமிடப் படமான இது ஆஸ்கர் விருது பெற்றது. ஆனால், இதில் பெண்களும் குழந்தைகளும் தாக்கப்படும் காட்சி உண்டு. அது சில காலம் நீக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டது. எனவே, ஆசிரியர் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு, மேல்நிலை வகுப்புகளுக்கு மட்டும் காட்டுவது நல்லது.

வகுப்பறையில்

நாற்காலிப் படம் ஒரே பாடவேளைக்குள் அடங்கிவிடும். நான் பின்பற்றும் வரிசை இது:

1. படத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் ஓட்டுதல்.
2. துரத்தலும் மல்லுக்கட்டும் முடிந்த இடத்தில் நிறுத்தி, "நீங்களாக இருந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டல்.
3. முழுப் படத்தையும் பார்த்த பின், நாற்காலி பேசுவதுபோல் பத்து வரி எழுதச் சொல்லுதல்.

இரண்டாம் படியில் பெரும்பாலோர், "கட்டிப் போட வேண்டும்", "ஆணி அடிக்க வேண்டும்" என்பார்கள். மறுக்கவோ திருத்தவோ வேண்டாம். மீதிப் படம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

வசனம் இல்லாததன் பயன் மூன்றாம் படியில் தெரிகிறது. வசனம் உள்ள படத்தில், மொழி நன்றாகத் தெரிந்த மாணவரே முதலில் கை தூக்குவார். இங்கே அந்த முன்னுரிமை யாருக்கும் இல்லை. பெற்றோரின் வேலைக்காக வடமாநிலத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு மாணவன் என் வகுப்பில் இருந்தான். தமிழ் புரியும், வாய் திறக்கமாட்டான். நாற்காலியாக நடிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் முதலில் எழுந்து வந்தவன் அவன்தான். நடித்து முடித்தபின், நாற்காலிக்கு ஏன் கோபம் என்று நண்பர்கள் கேட்க, தெரிந்த தமிழில் பதில் சொன்னான். அன்று அவன் பேசிய அளவுக்கு அதற்கு முன் பேசியதில்லை.

ஒரு மாணவி நாற்காலியைத் தன் அம்மாவாக நினைத்து எழுதியிருந்தாள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அம்மா மட்டும் நின்றுகொண்டே பரிமாறுகிறார் என்பது அவள் எழுத்தின் சாரம். அதைப் படித்துக் காட்டியதும் பேச்சு வீட்டிலிருந்து தெருவுக்கும் ஊருக்கும் போனது. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பது நம் ஊர்களில் இன்னும் முடிந்துபோன கேள்வி அல்ல. சமத்துவம் பற்றிய பாடத்தை நடத்த இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

செய்து பார்க்க

பயன்படுத்திய நோட்டுப் புத்தகத்தின் ஓரங்களில், பக்கத்துக்குப் பக்கம் சிறிது நகரும் ஒரு புள்ளியை 24 பக்கங்களில் வரையச் சொல்லுங்கள். விரலால் வேகமாகப் புரட்டினால் புள்ளி ஓடும். அத்தனை பக்கம் வரைந்தும் கிடைப்பது ஒரு விநாடிப் படம்தான். அப்படியானால் பத்து நிமிடப் படத்துக்கு எத்தனை சட்டகங்கள்? 24 × 60 × 10 = 14,400. உழைப்பின் அளவு அப்போதுதான் மாணவர்களுக்கு உறைக்கும். ஆசிரியரின் கைப்பேசியை அசையாமல் நிறுத்திவைத்து, மைதானத்தில் குதிக்கும் மாணவர்களை ஒவ்வொரு படமாக எடுத்து ஓட்டிக் காட்டினால் அவர்களே மிதப்பார்கள்.

கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் இணையதளத்தில் மெக்லாரனின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். உயர் தொழில்நுட்ப ஆய்வகமோ திறன்மிகு வகுப்பறையோ இருக்கும் பள்ளிகளில் திரையிடுவது எளிது. மாணவர்கள் நாற்காலிக்காக எழுதும் வரிகளைத் தொகுத்து வையுங்கள். அடுத்த இலக்கிய மன்றக் கூட்டத்துக்கு ஒரு குறுநாடகம் தயாராக இருக்கும்.