கருவுற்ற தாய்மாரும் இரத்தக் கொதிப்பு மாத்திரைகளும்

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து நெசவாளர் சங்கங்களுக்கும், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களின் விவசாயக் கடன் சங்கங்களுக்கும் கணக்குப் பார்க்கச் செல்லும் நமக்குப் பேரேட்டில் ஏறாத செய்திகளும் சில வேளைகளில் காதில் விழுவதுண்டு. ஒரு சங்கத்தில் அங்கத்தினர் ஒருவர் சிக்கன நிதியிலிருந்து முன்பணம் கேட்டு வந்திருந்தார். ஏழு மாதக் கர்ப்பிணியான அவர் மகளுக்கு டாக்டர் கொதிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். "பிள்ளைக்கு ஆகாது" என்று அண்டை வீட்டார் சொல்லவே, அப்பெண் மூன்று வாரம் அதைத் தொடவில்லை. வலிப்புக் கண்டு 108 வண்டியில் கொண்டு சென்றார்கள். தாய் பிழைத்தாள், குழந்தை குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது.

அண்டை வீட்டார் சொன்னதில் கால் பங்கு உண்மை உண்டு. அது எந்தக் கால் பங்கு என்பதையே இங்கு எழுதுகிறோம்.

கருவிலுள்ள சிசுவுக்கு உணவும் பிராணவாயுவும் நச்சுக்கொடி வழியே செல்கின்றன. கொதிப்பு மிகுந்த தாய்மார் பலருக்கு அங்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் குறுகியிருக்கும். சிசு மெலியும், சில சமயம் நச்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிடும். தாய்க்கோ வலிப்பும் மூளையில் இரத்தக் கசிவும் நேரக்கூடும். 140-க்கு 90 என்ற அளவைத் தொட்டால் கவனிக்க வேண்டும். 160-க்கு 110 ஆனால் அன்றைக்கே மருத்துவமனை சேர வேண்டும். இருந்தும் டாக்டர்கள் அழுத்தத்தை ஒரேயடியாகக் குறைப்பதில்லை. வாய்க்காலில் நீர் சட்டென்று இறங்கினால் முதலில் காய்வது கடைமடைதானே. சிசு இருப்பது அந்தக் கடைமடையில்.

இனி மாத்திரைகள். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் முதலியவை மற்றவர்களுக்கு நல்ல மருந்துகளே. கர்ப்பிணிக்கு இவை ஆகா. நான்காம் மாதத்திற்குப் பின் தொடர்ந்தால் சிசுவின் சிறுநீரகம் கெடும், பனிக்குட நீர் வற்றும், சிசு இறப்பதும் உண்டு. கடைப்பெயர் எதுவாயினும் அட்டையின் சிறு எழுத்தில் 'ப்ரில்' அல்லது 'சார்ட்டான்' என்று முடியும் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். அட்டெனோலால் சிசுவின் வளர்ச்சியைக் குறைக்கக்கூடும் என்பதால் அதையும் தவிர்க்கிறார்கள். கரு தரித்தது தெரியாமல் முதல் வாரங்களில் இவற்றை உட்கொண்டவர் பதறிக் கருவைக் கலைக்க ஓட வேண்டியதில்லை. உடனே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொண்டு, ஸ்கேன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றித் தரப்படுபவை பெரும்பாலும் லேபெட்டலால், நிபெடிபின், மெத்தில்டோப்பா என்னும் மூன்று. கடைசியாகச் சொன்னது பழைய மருந்து. அதை உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளை ஏழரை வயது வரை இங்கிலாந்தில் கவனித்து, குறை காணாமல் 1982-இல் அறிக்கை வெளியிட்டார்கள். நம் நாட்டிலேயே, நாகபுரியின் இரு பொது மருத்துவமனைகளில் கடுங்கொதிப்புள்ள 894 கர்ப்பிணிகளுக்கு இம்மூன்றையும் வாய்வழியே கொடுத்து ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டனர். ஆறு மணி நேரத்தில் தீங்கின்றி அழுத்தம் கட்டுப்பட்டவர்கள் நிபெடிபினில் நூற்றுக்கு 84, லேபெட்டலாலில் 77, மெத்தில்டோப்பாவில் 76. ஊசியும் சொட்டு மருந்தும் இல்லாத சிற்றூருக்கு இது பெரிய செய்தி என்பது நம் அபிப்பிராயம். இலேசான கொதிப்புக்கும் மருந்து வேண்டுமா என்ற ஐயத்தை அமெரிக்காவில் 2,408 கர்ப்பிணிகளிடம் ஆராய்ந்து 2022-இல் தீர்த்தார்கள். மருந்து உண்டோரில் கடுந்தீங்குகள் நூற்றுக்கு 37-லிருந்து 30 ஆகக் குறைந்தன. மெலிந்த பிள்ளைகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை.

நம் பகுதியில் சிக்கல் எழுவது வேறோரிடத்தில். 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கொதிப்பு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. தொழிற்பேட்டைக்குச் செல்லும் பெண்ணோ ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வாங்குகிறாள். கருவுற்றபின் பதிவு செய்வது ஆரம்ப சுகாதார நிலையத்தில். இந்தச் சீட்டு அங்கே தெரிவதில்லை; ஒரே கணக்குக்கு இரு பேரேடு வைத்தது போல. மாத்திரை கொண்டு வருபவரிடம் முதல் மாதமே கருவுற்ற செய்தியைச் சொல்லுங்கள். பழைய அட்டையைக் கையோடு கொண்டுபோய்ச் சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டுங்கள். புது மருந்து கைக்கு வரும் வரை தாமாக நிறுத்துவதும் கூடாது. ஆகாததைப் பல நாள் தொடர்வதும் கூடாது. ஆகவே அந்த நடை அன்றைக்கே நடக்க வேண்டியது. தறி ஒரு நாள் நின்றால் நிற்கட்டும்.

தலைவலி விடாதிருத்தல், கண் மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழ் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் நள்ளிரவாயினும் 108-ஐ அழைக்க வேண்டும்.

பிரசவத்தோடு கொதிப்பு அடங்கிவிடுவதில்லை. முதல் வாரத்தில் ஏறுவதும் உண்டு. அப்போது, முன்பு விலக்கிய எனலாப்ரிலையே டாக்டர் எழுதிக் கொடுக்கலாம். தாய்ப்பாலில் அது மிகச் சொற்பமாகவே கலக்கிறது. பாலை நிறுத்த வேண்டியதில்லை.