நாணயத்தை உருக்கி ஸ்பூன் செய்த அமெரிக்கர்கள்... ஏன் தெரியுமா?

கையில் இருக்கும் காசை யாராவது உருக்குவாங்களா? 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அது சர்வசாதாரணம். அப்போது அங்கே வங்கிகள் கிடையாது. புழக்கத்தில் இருந்தவை பெரும்பாலும் ஸ்பானிஷ் வெள்ளி நாணயங்கள். 1781-ல்தான் முதல் வங்கிக்கே அனுமதி கிடைத்தது.

காசு திருடு போனால், 'இது என்னுடையது' என்று எப்படி நிரூபிப்பது? அதனால் வசதியானவர்கள் நாணயங்களை வெள்ளிக் கைவினைஞரிடம் கொடுத்து ஸ்பூன், குவளை என்று செய்து வாங்கினார்கள். அதில் குடும்பப் பெயரின் முதல் எழுத்துகளும் பொறிக்கப்படும். திருடன் விற்க வந்தால் அடையாளம் காட்டிவிடலாம். அவசரத்துக்குப் பணம் வேண்டுமா? திரும்பவும் உருக்கிக்கொள்ளலாம்.

யார் செய்தார்கள்?

இங்கிலாந்தில் வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்த தனி அமைப்பு இருந்தது. பாஸ்டனில் அப்படி எதுவும் இல்லை. கைவினைஞர் ஸ்பூனின் பின்பக்கம் குத்தும் தன் பெயர்தான் தரத்துக்கான உத்தரவாதம்.

இவர்களில் பிரபலமானவர் பால் ரெவியர். 1775 ஏப்ரல் 18 இரவு, பிரிட்டிஷ் படை வருவதாகக் குதிரையில் விரைந்து எச்சரித்தாரே, அவரேதான்!

ஆனால் எல்லோருக்கும் அந்தப் புகழ் கிடைக்கவில்லை. பட்டறைகளில் அடிமைகளாக உழைத்த கறுப்பினத்தவர்கள் செய்த பொருட்களிலும் முதலாளியின் முத்திரைதான் விழுந்தது. விதிவிலக்காக, பிலடெல்பியாவில் சுதந்திர மனிதராகத் தொழில் செய்த பீட்டர் பென்ட்சன் தன் சொந்தப் பெயரையே பொறித்தார். அவர் செய்ததில் இன்று மிஞ்சியிருப்பவை வெகு சில.

அசல் வெள்ளியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

* 'காயின்' என்று இருந்தால் நாணய வெள்ளி. 1837-க்குப் பிறகு அமெரிக்க நாணயத்தில் 90% வெள்ளி.
* 'ஸ்டெர்லிங்' என்றால் 92.5%. 1860-களின் பிற்பகுதியில் இருந்து பெரிய நிறுவனங்கள் இதற்கு மாறின.
* 'இபிஎன்எஸ்' என்றால் மேலே வெள்ளி முலாம் மட்டும்தான்.

இப்போது என்ன பிரச்னை?

வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பழைய ஸ்பூன்கள் உலைக்குப் போகின்றன. 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் சுமார் 50 டாலரைத் தொட்டபோது, ஏராளமான பழைய வெள்ளிப் பொருட்கள் உருக்கப்பட்டன. உருக்கினால் வெள்ளிக்கான காசு கிடைத்துவிடும். ஆனால் அதைச் செய்தவர் பெயர் அந்த ஸ்பூனில் மட்டும்தான் இருந்தது என்றால், அதுவும் சேர்ந்தே போய்விடும். அதனால் பழைய ஸ்பூன் வைத்திருப்பவர்கள், எடை போடும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.