சரக்கைப் படம் பிடிக்க எந்தக் கேமரா?

முன்பெல்லாம் சாம்பிள் பொட்டலம் பஸ்ஸில் போகும். வாங்குபவர் கையில் அள்ளிப் பார்த்து விலை சொல்வார். இன்று அருப்புக்கோட்டையிலிருந்து மிளகாய் வத்தலும், திருச்சுழிப் பக்கத்துக் குதிரைவாலியும் வாட்ஸ்அப் படமாகவே முதலில் வெளியூர் போகின்றன. படத்தில் கண்ட சிவப்பு மூட்டையில் இல்லையென்றால் பேசிய விலையைக் குறைப்பார்கள். அடுத்த ஆர்டரும் வராது. எனவே கேமரா வாங்க நினைக்கும் வியாபாரிகள் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் சாய்வாக ஓர் ஆடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை நாம் பார்க்கும் துளைக்கு அது திருப்பிவிடும். அந்த ஆடி இல்லாததே 'மிரர்லெஸ்' கேமரா. 2008-ல் வந்த பானாசோனிக் ஜி1-க்குப் பிறகு இவ்வகை பரவியது. ஆடி போனதால் உருவமும் எடையும் குறைந்தன.

சிறிய வகையில் நான்கை ஒப்பிடுவோம்: சோனி இசட்வி-இ10 (2021), நிக்கான் இசட்30 (2022), கேனான் ஆர்50, கேனான் ஆர்100 (இரண்டும் 2023).

கையாளும் வசதி

லென்ஸ் நீங்கலாக, பேட்டரியோடு சோனி சுமார் 343 கிராம், நிக்கான் சுமார் 405 கிராம். கேனான் இரண்டும் இடைப்பட்டவை. ஒரு கையில் வத்தலை ஏந்தி மறு கையால் படம் எடுப்பவருக்கு நிக்கானின் ஆழமான கைப்பிடி உதவும். ஆனால் நிக்கானிலும் சோனியிலும் கண் வைத்துப் பார்க்கும் துளை கிடையாது. களத்தில் உச்சி வெயிலில் பின்பக்கத் திரை மங்கலாகவே தெரியும். கேனான் இரண்டிலும் துளை உண்டு. ஆர்100-ன் திரை அசையாது, தொட்டாலும் இயங்காது. மற்ற மூன்றின் திரையைத் திருப்பிக்கொள்ளலாம். கேமராவைத் தலைக்கு மேல் பிடித்து மூட்டை அடுக்கை எடுக்க இது வசதி.

படத்தின் தரம்

நான்கிலும் இருப்பது ஏ.பி.எஸ்.-சி. சென்சார். கேனானில் 22.3 × 14.9 மி.மீ.; மற்றவற்றில் ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ. மெகாபிக்சல் 20.9 முதல் 24.2 வரை. ஏ4 தாளில் தெளிவாக அச்சிட 9 மெகாபிக்சலே போதும். ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

நிறத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வெளிச்சம்தான். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் நிறம் மாறும். ஒரே வெளிச்சத்தில், நிழலில் சரக்கைப் பரப்புங்கள். வெள்ளைத் தாளைக் காட்டி 'ஒயிட் பேலன்ஸ்' அமையுங்கள். நிறத்தைக் கூட்டிக் காட்டும் 'விவிட்' அமைப்பு வேண்டாம். மிளகாயின் சிவப்பு தோலின் சுருக்கம் தெரியாமல் ஒரே பூச்சாக விழுந்தால், வெளிச்ச அளவைச் சற்றுக் குறையுங்கள். குவியல் முழுவதும் தெளிவாக வர எஃப்8 அளவில் எடுங்கள்.

நமது ஊருக்கு ஓர் எச்சரிக்கை: ஆடி இல்லாததால், லென்ஸைக் கழற்றினால் சென்சார் நேரே வெளியில் தெரியும். கரிசல் புழுதி படிந்தால் ஒவ்வொரு படத்திலும் புள்ளி விழும். களத்திலோ கிட்டங்கியிலோ லென்ஸைக் கழற்றக் கூடாது. ஒரே லென்ஸோடு வைத்திருப்பதே உத்தமம்.

செல்போன் போதாதா? நல்ல வெளிச்சத்தில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பப் போதும். இருண்ட கிட்டங்கிக்கும், பாக்கெட் லேபிள் அச்சிடவுமே கேமரா தேவை. எதில் எடுத்தாலும் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் தரம் குறையாது.

கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வரவு எடுக்க முடியுமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டு, கடையின் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்குங்கள். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு வரவு கிடையாது.

கடைக்குப் போகும்போது ஒரு பிடி வத்தலை எடுத்துச் செல்லுங்கள். அங்கேயே படம் எடுத்து, படத்தையும் வத்தலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரக்கை உள்ளபடி காட்டும் கேமராவே நம் வாக்கைக் காப்பாற்றும்.