உங்களுக்குத் தெரியுமா? ஐந்து மணி பஜ்ஜி ஆசை

உடம்பைக் குறைப்பதென்று முடிவெடுத்த மறுநாளே தெருவில் இருக்கிற எல்லாக் கடையும் பலகாரக் கடையாகத் தெரிய ஆரம்பிக்கும். "நாக்கைக் கட்ட முடியலையே, நானெல்லாம் ஒரு ஆளா" என்று தன்னையே திட்டிக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தத் திட்டு அவர்களுக்குச் சேர வேண்டியதில்லை என்பதற்காகவே இந்த வாரத் துணுக்குகள்.

●

பசியைக் கிளப்பும் ஹார்மோனுக்கு கிரெலின் என்று பெயர். 1999-இல் ஜப்பானில் மசயாசு கொஜிமா, கென்ஜி கங்காவா குழுவினர் கண்டுபிடித்தார்கள். சுரப்பது இரைப்பையில், சேதி போவது மூளைக்கு. வயிறு காலியானால்தான் இது சுரக்கும் என்றில்லை. வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கினாலே ஏற ஆரம்பித்துவிடும். தினமும் ஐந்து மணிக்கு வாழைக்காய் பஜ்ஜி தின்று பழகியவருக்கு, மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தாலும் ஐந்து மணிக்கு நாக்கு நமநமப்பது அதனால்தான். பழக்கிவிட்டது நாம், உடம்பு சொன்னபடி கேட்கிறது.

●

ஏறிய கிரெலின், சாப்பிடாவிட்டாலும் இறங்கிவிடும் என்பது தெரியுமா? 33 மணி நேரம் பட்டினி இருந்தவர்களின் இரத்தத்தைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காலை, மத்தியானம், இரவு என்று அவரவர் வழக்கமான சாப்பாட்டு நேரத்தில் கிரெலின் ஏறியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் தானாகவே இறங்கியது. ஏகாதசி விரதம் இருக்கிற பாட்டிமார்களுக்கும் நோன்பு நோற்கிறவர்களுக்கும் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். "ஒரு மணிக்குக் கிள்ளும், மூணு மணிக்கு மறந்துடும்" என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது.

●

பஜ்ஜி ஆசை வரும்போது மனசுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நின்று கவனித்துப் பாருங்கள். வார்த்தை எதுவும் வராது. படம்தான் வரும். எண்ணெயில் மிதந்து உப்பும் பஜ்ஜி, ஓரத்தில் மொறுமொறுவென்று தனியாக ஓடிய மாவு, செய்தித்தாள் துண்டில் ஊறும் எண்ணெய், பக்கத்தில் தேங்காய்ச் சட்னி. அந்தப் படம் எவ்வளவு துலக்கமோ ஆசையும் அவ்வளவு பலம். இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் இதை வைத்து 2014-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஆசையில் இருந்தவர்களுக்கு மூன்றே மூன்று நிமிடம், மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டைக் கொடுத்தார்கள். ஆசையின் வேகம் குறைந்தது. கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் மனக்கண்ணில் பஜ்ஜிக்கு இடமில்லை. டெட்ரிஸ் இல்லாத வீட்டில் கோலப் புள்ளி வையுங்கள், சட்டைக்குப் பொத்தான் தையுங்கள். பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலையாக இருந்தால் போதும்.

●

"சாக்லேட் மேல் ஆசை வந்தால் உடம்பில் மக்னீசியம் குறைவு" என்று ஒரு பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம்பாதீர்கள். 1994-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பால் ரோசினும் அவருடைய மாணவரும், சாக்லேட் ஆசை உள்ளவர்களுக்கு, ஆசை வரும்போது ஒரு தரம் சாக்லேட்டையும், ஒரு தரம் கோகோ பொடி அடைத்த மாத்திரையையும், ஒரு தரம் கோகோ பொடி இல்லாத வெள்ளைச் சாக்லேட்டையும் கொடுத்தார்கள். சத்து முழுக்க இருந்தது மாத்திரையில். அதை விழுங்கியபோது ஆசை அடங்கவில்லை. வெள்ளைச் சாக்லேட் தின்றபோது ஓரளவு அடங்கியது. அவர்கள் தேடியது வாயில் கரையும் அந்தச் சுகத்தைத்தான்.

அமெரிக்கப் பெண்களைக் கேட்டால் சாக்லேட் என்பார்கள். ஜப்பானியப் பெண்களிடம் கேட்டபோது அரிசிச் சோறும் சுஷியும் என்று பதில் வந்தது. ஆசை எந்த ஊரில் வளர்ந்ததோ அந்த ஊர்ச் சாப்பாட்டைத்தான் கேட்கும்.

●

ஆசைக்கும் சத்துக் குறைவுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

எங்கள் சித்தி அரிசி புடைக்கும்போது முறத்திலிருந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். கடக் கடக்கென்று கடிக்கும் சத்தம் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்கும். பிறகு அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே நிற்க ஆரம்பித்தார். விபூதியையும் கொஞ்சம் நாக்கில் வைத்துக்கொள்வார். "கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டுச்சே, அப்பவே தெரியும் இது அரிசி தின்கிற பொண்ணுன்னு" என்று கேலி பேசினார்களே தவிர, யாரும் டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் இரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் ஏழுதான். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்த சில வாரத்தில் அரிசி ஆசை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

பச்சரிசி, மண், செங்கல் தூள், சாம்பல், பல்பம், ஐஸ்கட்டி ஆகியவற்றை விடாமல் தின்னத் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். மருத்துவத்தில் இதற்குப் பைக்கா என்று பெயர். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019–21), 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. உங்கள் வீட்டில் யாராவது அரிசி மென்றால் கேலி செய்யாமல் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். எடை குறைக்கிறேன் என்று கீரையையும் முட்டையையும் சேர்த்தே நிறுத்திவிடுகிற பெண்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

●

மசக்கை ஆசைக்குப் பழந்தமிழில் 'வயா' என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கென்றே ஒரு சொல் வைத்து மதித்த ஆசை அது.

●

ஒரு இராத்திரி சரியாகத் தூங்காவிட்டால் மறுநாள் இனிப்பும் உப்புப் பலகாரமும் கூப்பிடும். 2004-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரமும், வேறு இரண்டு இரவு பத்து மணி நேரமும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கம் குறைந்தபோது, போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. பசி கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. அதிகம் கேட்டது இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள். இரவுப் பணிக்குப் போகிறவர்களும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களும் "என்னால் முடியவில்லை" என்று வருந்துவதைக் கேட்கும்போது எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும். அவர்களுக்குத் தேவை அறிவுரை அல்ல, இரண்டு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு ஆள்.

●

நம் உடம்பின் உள்கடிகாரப்படி பசி மிகக் குறைவாக இருப்பது காலை எட்டு மணிவாக்கில். மிக அதிகமாக இருப்பது இரவு எட்டு மணிவாக்கில். வெளிச்சமும் சாப்பாட்டு நேரமும் குறுக்கிடாதபடி ஆய்வகத்தில் வைத்து, 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டது இது. காலையில் கட்டுப்பாடாக இருந்த மனிதரே இரவில் முறுக்கு டப்பாவைத் திறக்கிறார். டப்பாவை எட்டாத அலமாரியில் வைக்க வேண்டிய நேரம் பகல்தான்.

●

கொலைப்பட்டினி கிடந்தால் ஆசை ஒழியுமா? 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதம் எடுக்க மனசாட்சி இடம் தராததால், அதற்கு மாற்றாகத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். போரால் பட்டினி கிடந்த ஐரோப்பியர்களுக்கு எப்படி உணவூட்டுவது என்று அறிவதே நோக்கம். 24 வாரம் அரைப்பட்டினி. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. ஆனால் பேச்சு, கனவு, நினைவு எல்லாமே சாப்பாடாகிவிட்டது. தட்டை நக்கினார்கள். அதுவரை அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காதவர்கள் சமையல் புத்தகம் சேர்த்து, கதை படிப்பதுபோலப் படித்தார்கள். சோதனை முடிந்து சாப்பாடு கிடைத்த பிறகும், வயிறு நிறைந்தும் பசி தீராமல் தவித்தார்கள். ஒரு வேளைக்கு ஒரு தம்ளர் கஞ்சி என்று திட்டம் போடுகிறவர்கள் இந்த 36 பேரை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அளவாகக் குறைத்து வாரக்கணக்கில் நிதானமாகத் தொடர்ந்தால் கதை வேறு. முதல் சில நாள் ஆசை கூடலாம். பிறகு பொதுவாகக் குறைந்துகொண்டே வரும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்த சேதி இது.

●

ஆசைப்பட்ட பண்டத்தை எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட, எத்தனை தரம் சாப்பிடுகிறோம் என்பதுதான் ஆசையை வளர்க்கிறது. அமெரிக்காவில் எடை குறைப்பவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வொன்றில் இது தெரிய வந்தது. தினமும் ஒரு துண்டு மைசூர்பாகு என்று அளந்து தின்பதைக் காட்டிலும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்து நிம்மதியாகத் தின்பது மேல் என்று நான் இதைப் புரிந்துகொண்டேன். எனக்கு அது பலித்தது.

●

ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 முதல் 5 கிராம். காப்பிக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு காப்பி என்றால் 32 முதல் 40 கிராம். பலகாரம் எதையும் தொடாமலே இவ்வளவு. உலக சுகாதார நிறுவனம், நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது. செயற்கை இனிப்புக்கு மாறலாமே என்பீர்கள். எடை குறைப்பதற்காக அவற்றைச் சார்ந்திருக்க வேண்டாம் என்று 2023-இல் அதே நிறுவனம் சொல்லிவிட்டது. வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில், முன்பு குடித்த அதே காப்பி பாயசம்போல இருக்கும்.

●

சிறுகுறிஞ்சான் இலையைச் சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். ஒரு இலையை நன்றாக மென்று, வாய் முழுக்கச் சாறு படவிட்டுத் துப்புங்கள். கசக்கும். பிறகு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போட்டுப் பாருங்கள். தித்திப்பு துளியும் இருக்காது. ஆற்று மணலைப் போட்டதுபோல நறநறக்கும். உப்பு உப்பாகவே கரிக்கும், புளி புளியாகவே புளிக்கும், இனிப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்கின் இனிப்பு உணரும் வாயில்களை அடைத்துக்கொள்கிறது. சுமார் அரை மணி நேரத்தில் இனிப்பு திரும்பிவிடும். என் கையில் லட்டு இருந்தும் வைத்துவிட்டேன். நாக்குக்குத் தெரியாத இனிப்பைக் கை தேடவில்லை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடர்ந்து சாப்பிட வேண்டாம், சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும்.

●

பாக்கெட் தீனியை ஒன்றோடு நிறுத்த முடியவில்லையா? 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை அங்கேயே தங்கவைத்து, ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவை இரண்டு வாரமும் பதப்படுத்தாத உணவை இரண்டு வாரமும் கொடுத்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். இரண்டு வகையிலும் தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஒரே கணக்கு. ஆலை உணவு தின்றபோது நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. ஆள் அதே ஆள்தான்.

●

நாலு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டவர் ஐந்து மணிக்கு பஜ்ஜிக் கடையைத் தாண்டுவது சுலபம். மாவுச்சத்தையும் கொழுப்பையும்விடப் புரதம் வயிற்றை அதிக நேரம் அடக்கி வைக்கும்.

●

இப்போது எல்லோரும் பேசுகிற எடை குறைப்பு ஊசிகளின் வரலாற்றில் ஒரு பல்லியும் இருக்கிறது. அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் கீலா என்ற விஷப்பல்லி வருடத்துக்குச் சில தடவை மட்டுமே இரை எடுத்து வாழக்கூடியது. அதன் விஷத்தில், நம் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போன்ற ஒரு பொருளை ஜான் எங் என்ற மருத்துவர் 1990-களின் தொடக்கத்தில் கண்டெடுத்தார். 2005-இல் அதிலிருந்து நீரிழிவு மருந்து வந்தது. அந்த வழியில் பின்னால் வந்தவைதான் இன்றைய செமாகுளூடைடு வகை. போட்டுக்கொண்டவர்கள் "தலைக்குள் ஓயாமல் கேட்ட சாப்பாட்டுப் பேச்சு நின்றுவிட்டது" என்கிறார்கள். இத்தனை வருடம் அவர்களைத் துரத்தியது சோம்பலோ பேராசையோ அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் நிறுத்தினால், இழந்த எடையின் பெரும்பகுதி ஒரு வருடத்தில் திரும்பி வந்ததையும் ஆய்வுகள் காட்டுகின்றன. டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

●

கட்டுப்படுத்தவே முடியாமல், யாருக்கும் தெரியாமல், வயிறு வலிக்கிற அளவுக்குத் தின்று, பிறகு வெட்கப்பட்டு அழுவது, அதுவும் வாரத்துக்கு ஒரு தடவையாவது மூன்று மாதமாக நடக்கிறது என்றால் அதைச் சாதாரண ஆசையென்று விட்டுவிடக் கூடாது. 2013 முதல் அது அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. சிகிச்சை உண்டு. குணமாகிறார்கள். மனநல மருத்துவரிடம் தயங்காமல் போகலாம்.

●

இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்தில், தினமும் சாக்லேட் தின்பவர்களை அதை நிறுத்தச் சொல்லி, 15 நிமிடம் வேகமாக நடக்கவிட்டார்கள். நடக்கும்போதும் நடந்து முடித்த பிறகும் கொஞ்ச நேரத்துக்குச் சாக்லேட் ஆசை தணிந்திருந்தது.

இதைப் படித்த பிறகு நான் மாலை ஐந்து மணிக்கு எழுந்து நடக்க ஆரம்பித்தேன். பஜ்ஜிக் கடை இருக்கும் தெருவில் அல்ல, பள்ளிக்கூட மதிலை ஒட்டிய தெருவில். முதல் வாரம் கால் அந்தப் பக்கமே இழுத்தது. காற்று திரும்பி எண்ணெய் வாசம் வந்தால் வாயில் நீர் ஊறும். மூன்றாவது வாரம் ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்தபோது ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. பஜ்ஜி ஞாபகமே வரவில்லை. சனிக்கிழமை மாலை மட்டும் கடைக்குப் போகிறேன். "என்ன சார், ஆளையே காணோம்?" என்று மாஸ்டர் கேட்பார். கேட்டுக்கொண்டே எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு இரண்டு பஜ்ஜி வைப்பார், சட்னி கொஞ்சம் அதிகமாக.