ஒயர் இல்லாமல் இன்டர்நெட்: கை கொடுக்கும் புளூடூத்

வீட்டில் பிராட்பேண்ட் திடீரென்று நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. தங்கை பொறியியல் கவுன்சிலிங்கிற்காகக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்யக் கடைசி நாள். இன்னும் 2 மணி நேரம்தான் பாக்கி. நீளமான பட்டியலை மொபைலின் சின்னத் திரையில் ஏற்றி இறக்க முடியவில்லை. டெஸ்க்டாப்பில் வை-பி கிடையாது. கையில் இருந்த யு.எஸ்.பி. கேபிளோ சார்ஜ் மட்டும் ஏற்றும் வகை. ஹெட்போனுக்காக வாங்கிய சிறிய புளூடூத் டாங்கிள்தான் காப்பாற்றியது.

இது புதிய வழி அல்ல. டயல்-அப் காலத்திலேயே புளூடூத் மோடம்கள் இருந்தன. மோடத்தை டெலிபோன் லைன் உள்ள அறையில் வைத்துவிட்டு, அடுத்த அறையில் இருந்து ஒயர் இல்லாமல் டயல் செய்யலாம். டயல்-அப் வேகம் அதிகபட்சம் 56 கே.பி.பி.எஸ். அன்றைய புளூடூத்தோ 721 கே.பி.பி.எஸ். வரை தாங்கியது. எனவே வேகம் குறையவில்லை. இன்று அந்த மோடத்தின் வேலையை உங்கள் மொபைலே செய்துவிடும்.

எப்படி இணைப்பது?

1. மொபைலில் புளூடூத், மொபைல் டேட்டா இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

2. கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் சென்று, புளூடூத் பகுதியில் 'ஆட் டிவைஸ்' கிளிக் செய்யுங்கள். பட்டியலில் உங்கள் மொபைலின் பெயர் வரும். அதைத் தேர்ந்தெடுங்கள்.

3. இரண்டு திரைகளிலும் 6 இலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் சம்மதம் கொடுங்கள்.

4. ஆண்ட்ராய்டு மொபைலின் செட்டிங்ஸில், ஹாட்ஸ்பாட் பகுதியில் 'புளூடூத் டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள்.

5. விண்டோஸ் 10 என்றால் கடிகாரத்தின் அருகே உள்ள புளூடூத் ஐகானில் ரைட் கிளிக் செய்து, 'ஜாய்ன் எ பர்சனல் ஏரியா நெட்வொர்க்' தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11 என்றால் மொபைலின் பெயருக்கு அருகே உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்தால் இதே வசதி கிடைக்கும். 'கனெக்ட் யூசிங்' என்பதில் 'ஆக்சஸ் பாயின்ட்' கொடுங்கள். இணைப்பு தயார்.

கவனிக்க வேண்டியவை

இந்த வழியில் வேகம் 2 எம்.பி.பி.எஸ். அளவுக்குத்தான் கிடைக்கும். படிவம் நிரப்ப, இ-மெயில் அனுப்ப இது போதும், வீடியோவுக்குப் போதாது. டேட்டா வசதியுள்ள யு.எஸ்.பி. கேபிளோ, கம்ப்யூட்டரில் வை-பியோ இருந்தால் அவையே வேகமானவை. ஆனால் வை-பி ஹாட்ஸ்பாட்டை விடப் புளூடூத்துக்கு மொபைல் பேட்டரி குறைவாகவே செலவாகும்.

மொபைல் சுமார் 10 மீட்டருக்குள் இருக்கட்டும். நடுவில் சுவர் இருந்தால் இந்தத் தூரம் குறையும். விண்டோஸ் அப்டேட் பகுதியில் 'பாஸ்' கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அது உங்கள் டேட்டாவைக் காலி செய்துவிடும். முன்பின் தெரியாத டிவைஸ் இணைப்பு கேட்டால் மறுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் டெதரிங்கை ஆப் செய்ய மறக்காதீர்கள்.

அன்று எங்களுக்கு இணைப்பு கிடைக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. காரணம், அதற்கு முன் ஒருமுறை கூட முயன்று பார்த்ததில்லை. தங்கை பட்டியலைப் பதிவு செய்து முடித்தபோது 20 நிமிடம்தான் மீதி இருந்தது. நீங்கள் அவசரம் வரும்வரை காத்திருக்காதீர்கள். பிராட்பேண்ட் நன்றாக இருக்கும் ஒரு நாளில், அதை ஆப் செய்துவிட்டு இதை ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.