தண்ணீரில் நின்ற மோட்டார் சைக்கிள்: "செல்ப்" பட்டனை அமுக்காதீர்கள்!

பள்ளிக்கரணை,

மழைக்காலம் வந்து விட்டால் பள்ளிக்கரணைக்காரர்களுக்குக் கவலை இரண்டு. ஒன்று, வீடு. இன்னொன்று, வாசலில் நிற்கும் வண்டி.

2023-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி "மிக்ஜாம்" புயல் மழையில், இங்கே அடுக்குமாடி வீட்டு வாசலில் நின்ற கார்களே படகு மாதிரி மிதந்து போயின. கார் கதியே அப்படி என்றால் மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம்?

தென்சென்னை ஏரிகளின் உபரித் தண்ணீர் வந்து சேரும் இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அது ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். அதுவரை ரோட்டிலும் தண்ணீர்தான்!

ஒரு சாண்தான்!

"என்னுடையது மலை ஏறும் வண்டி. தண்ணீர் என்ன செய்யும்?" என்று சிலர் துணிந்து இறங்குகிறார்கள்.

ராயல் என்பீல்டு கம்பெனி 2016-ல் விட்ட "இமாலயன்" அப்படிப்பட்ட வண்டி. என்ஜின் 411 சி.சி. முன் சக்கரம் 21 அங்குலம். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடைவெளி 220 மில்லி மீட்டர். அதாவது, ஏறக்குறைய ஒரு சாண்! முழங்கால் தண்ணீர் வந்தால் என்ஜின் முங்கி விடும்.

உள்ளே போனால்?

என்ஜின் காற்றை உறிஞ்சி ஓடுகிறது. காற்று போகும் வழியில் தண்ணீர் போனால் ஆபத்து. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டும். கனெக்டிங் ராடு வளையும். செலவு ஆயிரக்கணக்கில்!

எனவே தண்ணீரில் வண்டி நின்று விட்டால் சாவியை அணையுங்கள். மேட்டுக்குத் தள்ளிப் போங்கள். "ஒரு தடவை பார்ப்போமே" என்று செல்ப் பட்டனை அமுக்காதீர்கள். அப்படிச் செய்து என்ஜின் கெட்டால், "என்ஜின் பாதுகாப்பு" தனியாக எடுக்காதவர்களுக்கு இன்சூரன்சு பணம் கிடைப்பதும் கஷ்டம்.

ஏர் பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஈரமாக இருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள். பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆயில், பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்து விட்டது என்று அர்த்தம்.

வண்டி கிளம்பவில்லையா?

மழையில் நனையாத வண்டியும் சில நாள் மக்கர் செய்யும். பதற வேண்டாம். முதலில் சிவப்பு "ஆப்" பட்டனைப் பாருங்கள். யாராவது தட்டி விட்டிருப்பார்கள்! சைடு ஸ்டாண்டை மடக்குங்கள். அது இறங்கி இருந்தால் பல புது வண்டிகள் கிளம்பாது. "டிக் டிக்" சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் பேட்டரி சார்ஜ் இல்லை. அல்லது ஒயர் முனை தளர்ந்திருக்கும். சத்தமே இல்லை என்றால் பியூசைப் பாருங்கள்.

வாரம் ஒரு தடவை

டயர் காற்றை, வண்டி ஓடிச் சூடாகும் முன்பே பாருங்கள். செயினைச் சுமார் 500 கிலோ மீட்டருக்கு ஒரு தடவை துடைத்து எண்ணெய் விடுங்கள். மழையில் ஓட்டினால் அன்றே செய்யுங்கள். இல்லாவிட்டால் துரு ஏறும். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தண்ணீரைத் தாண்டி வந்ததும் பிரேக் சரியாகப் பிடிக்காது. மெதுவாகப் போய், இரண்டு மூன்று தடவை லேசாகப் பிடித்துக் காய விடுங்கள். பிறகு வேகம் எடுக்கலாம்.